லேப் அக்கா மேல் ஒரு புகார்

மதிய இடைவேளையில் லேப் அக்காவுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வேதியியல் ஆய்வகக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்கும் குறை நோட்டை எடுத்து, தனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை மாணவர்கள் எப்படியெல்லாம் வறுத்தெடுத்திருக்கிறார்கள் என்று படிப்பது.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கடுகு. எதைக் கேட்டாலும் வெடிப்பாராம். 'மூன்றாம் மேசைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆறாவது முறையாக எழுதுகிறேன். அடுத்த முறை செய்யுளாக எழுதுவேன்' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'பிப்பெட் நுனி கோணலாக உடைந்திருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்றால், உன் மூக்கு மட்டும் நேராகவா இருக்கிறது என்கிறார்' என்று இன்னொருத்தி. 'அசிட்டோன் கேட்டால் ஆஸ்தியில் பங்கு கேட்ட மாதிரி பார்க்கிறார்.' அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டித் தனியாகச் சிரிப்பாள். மாதத்துக்கு இருபது, இருபத்தைந்து புகார். மனுஷன் பதினெட்டு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

அதற்கப்புறம் அவள் வேலைக்குச் சேர்ந்த தேதி. அன்றிலிருந்து நோட்டு வெள்ளை. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு வரி: 'மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. (இது லேப் அக்கா மேல் புகார் இல்லை.)'

அந்த அடைப்புக்குறிதான் அவள் மண்டையைக் குடைந்தது.

தன் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் இண்டிகேட்டர் புட்டிகளை இடம் மாற்றி வைத்து, பாதி வகுப்பு நிறம் மாறாத கரைசலைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் மேசைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. வடிகட்டும் தாள் தீர்ந்துபோனதை மறந்து, செய்தித்தாளைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறாள். கடுகாக இருந்திருந்தால் இதற்கெல்லாம் நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். தன்னை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?

விடை அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் தெரியவில்லை.

அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் முடிந்துவிடும். பிறவியிலேயே அப்படி. அதனால் இருந்து போன கை என்று எதுவும் அவளுக்கு இல்லை. வலது கையும், ஒரு முக்கால் கையும்; அவள் கணக்கில் அதுதான் முழு ஆள். அவள் படித்த காலத்தில், பக்கத்தில் நின்ற தோழி டைட்ரேஷன் செய்வாள், இவள் ரீடிங் எழுதுவாள். ஆசிரியர்களே அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷப் படிப்பில் அவளுக்கு முன்னேறியது கையெழுத்து மட்டும்தான். அப்புறம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷம் வேலை. ஒற்றை அறை, ஒற்றை ஆள். ஓடி வந்து வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லாததால், எல்லாவற்றையும் அவளே கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

குடுவை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரு கையில் குடுவையைப் பிடித்து, மறு கையால் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்ப்பார்கள். அவள் பிரஷ்ஷின் காம்பைத் தொட்டியின் விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவாள். பிரஷ் நகராது, குடுவையை அதன் மேல் கவிழ்த்துச் சுழற்றுவாள். நூறு குடுவைக்கு முக்கால் மணி நேரம். ஆசிட் புட்டியை மடக்கிய இடது முழங்கைக்குள் அணைத்துக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகுவாள். இதெல்லாம் பார்க்கப் பார்க்க அலுக்காத வேலைகள். ஆனால் அந்த ஆய்வகத்தில் யாரும் பார்த்ததில்லை. அவள் பிரஷ்ஷை கிளாம்ப் போடப் போகும்போதே நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள்.

"அக்கா, நீங்க விடுங்க. நாங்க கழுவுறோம்."

"உங்களுக்கு ரெக்கார்டு எழுத வேண்டியிருக்குல்ல, போங்கடா."

"பரவாயில்லக்கா. நீங்க உக்காருங்க."

உட்காருங்க. ஐந்து மாதத்தில் அவள் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். ஓடி வராதவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அவள் புட்டியைத் திறக்கிற நேரத்தில் இருபத்து நாலு பேருக்கும் கூரையில் என்னதான் தெரியுமோ, அப்படிப் பார்ப்பார்கள்.

போன மாதம் கல்லூரியில் விழிப்புணர்வு நாள் என்று ஒன்று வைத்தார்கள். மாணவர்கள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சட்டைப் பொத்தான் போட்டார்கள், பழம் உரித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அக்காவை மேடையில் உட்கார வைத்து, அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். இறங்கி வரும்போது, வகுப்பிலேயே உயரமான பையன், எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறவன், கண் கலங்க எதிரே வந்து நின்றான்.

"ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியலக்கா. நீங்க எப்படித்தான்…"

"என் கையையும் திடீர்னு பின்னாடி கட்டிப் போட்டா எனக்கும் அழுகைதான் வரும்" என்றாள் அக்கா.

அவன் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு இன்னும் கலங்கினான். அன்றிலிருந்து நாலு பேர் ஓடி வந்த இடத்தில் எட்டுப் பேர் ஓடி வந்தார்கள்.

இதில் வெறும் எரிச்சல் மட்டும் இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். ஆனால் வேலைக்கே வேட்டு வைத்துவிடும் போலிருந்தது. அவளுக்கு ஆறு மாத ப்ரொபேஷன். அது முடியும்போது துறைத்தலைவி எழுதும் ஒற்றைத் தாள் அறிக்கைதான், வேலை நிரந்தரமா இல்லை வீட்டுக்குப் போவதா என்று தீர்மானிக்கும். பதினோரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு வாங்கிய வேலை அது.

துறைத்தலைவி வளவளவென்று பேசாதவர். ஐந்தாம் மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டு, குறை நோட்டை மேசைமேல் வைத்தார்.

"உங்க மேல ஒரு புகார்கூட இல்ல."

"ஆமா மேடம்."

"எனக்கே இந்த நோட்டுல, பழைய பக்கத்துல, ரெண்டு புகார் இருக்கு. வகுப்பை மணி அடிச்சும் விடமாட்டேங்கிறேனாம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எப்ப அந்தப் பக்கம் வந்தாலும் பசங்கதான் கழுவுறாங்க. பசங்கதான் புட்டி தூக்குறாங்க. நீங்க நல்லா வேலை பாக்கறீங்களா, இல்ல பசங்க உங்க வேலையப் பாக்கறாங்களா? எனக்குத் தெரியல. தெரியாம 'தனியாகச் செய்கிறார்'னு எழுத மாட்டேன். இன்னும் ஒரு மாசம் இருக்கு."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. ஐந்து மாதமாக அந்தக் கட்டடத்தில் அவளிடம் யாரும் கேட்காத நேரான கேள்வியும் அதுதான்.

அடுத்த வாரம் அந்த டைட்ரேஷன் வந்தது.

சோடியம் கார்பனேட் கரைசலைக் குடுவையில் இருபது மில்லி எடுத்துக்கொண்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் நிறம் செம்மஞ்சளாகத் திரும்பும் சொட்டில் நிறுத்தி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருபது மில்லிக்கு இருபது மில்லி. அதுதான் வர வேண்டிய ரீடிங். இரண்டு கரைசலையும் கேன்களில் தயார் செய்து வைத்தது அக்கா. வகுப்பு நடந்தது. இளம் விரிவுரையாளர் அங்கேயே நோட்டுகளைத் திருத்தி அடுக்கி வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் வழக்கம்போல் அவளை உட்கார வைத்துவிட்டுக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு, மிச்சமிருக்கும் கரைசலை ஒருமுறை தானே போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. ஆட்டம் முடிந்தும் மைதானத்தை விட்டுக் கிளம்ப மனசு வராதவர்கள் உண்டே, அந்த மாதிரி. வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, இடது கையின் முனையால் பியூரெட்டின் திருகை மயிரிழை மயிரிழையாகத் தள்ளுவாள். விரல்கள் இல்லாத அந்த முனைக்கு நடுக்கமே கிடையாது. கடைசிச் சொட்டைப் பாதியில் நிறுத்தி, குழாய் நுனியில் தொங்கவிட்டுப் பார்க்க அவளால் முடியும்.

நிறம் மாறியது. பியூரெட்டைப் பார்த்தாள். பதினேழு புள்ளி ஒன்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் போட்டாள். பதினேழு புள்ளி ஒன்று. மூன்றாவது தடவையும் அதேதான்.

எழுந்து போய் அலமாரியில் சோடியம் கார்பனேட் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். புதுப் புட்டி; போன வாரம்தான் வந்தது. அதே கம்பெனி, அதே நீல மூடி, அதே வெள்ளைப் பொடி. லேபிளில் சின்ன எழுத்தில், நீர் சேர்ந்த வகை என்று போட்டிருந்தது. பழைய புட்டி நீர் இல்லாத வகை. இதில் எடை கூடுதலாகப் போட வேண்டும். அவள் பழைய கணக்கிலேயே நிறுத்துப் போட்டிருக்கிறாள், கரைசல் நீர்த்துவிட்டது. ஆய்வகத்தில் வேலை பார்க்கிற யாரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்கிற தப்பு.

சரி, தப்பு தப்புதான். ஆனால் இருபத்து நாலு பேர் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்களே. ஒருத்தராவது 'என்னக்கா இது' என்று வந்து கேட்கவில்லையே.

அடுக்கியிருந்த நோட்டுகளைத் திறந்தாள். இருபது. பத்தொன்பது புள்ளி ஒன்பது. இருபது. இருபது புள்ளி ஒன்று. சிவப்பு மையில் பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து. ஒட்டடைக்குச்சி ஒரு படி மேலே போய், மூன்று ரீடிங்கும் மூன்று விதமாக, நிஜமாகவே போட்டவன் மாதிரி எழுதியிருந்தான்.

இருபத்து நாலில் இருபத்து மூன்று அப்படி. ஒரே ஒரு நோட்டில் மட்டும் பதினேழு புள்ளி ஒன்று. அதைச் சிவப்பு மையில் சுழித்து, 'கவனக்குறைவு' என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டிருந்தார் விரிவுரையாளர். அது முந்திரிக்கொட்டையின் நோட்டு. எந்தக் கேள்விக்கும் முதலில் கையைத் தூக்குவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆச்சரியம். இருபத்து மூன்று பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கூட்டமே போட்டிருக்க வேண்டும். எப்போது போட்டார்கள்? தன் மூக்குக்குக் கீழேயே எப்படிப் போட்டார்கள்?

பயம் வீட்டுக்குப் போன பிறகு வந்தது. புருஷனிடம் சொன்னாள். அவன் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவன்; எதையும் மில்லிமீட்டரில்தான் யோசிப்பான்.

"வாயத் தொறந்து சொல்லிட்டா, வேலை போயிடுமா?"

"போகலாம்" என்றான். அவனுக்குப் பொய்யாகத் தேற்றத் தெரியாது. "சொல்லாட்டி?"

"சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. ஒரு பொண்ணுக்கு மட்டும் பத்துக்கு மூணு."

"நான் ஒரு ஷாஃப்டை அரை மில்லி குறைச்சுக் கடைஞ்சா ஃபோர்மேன் என் பரம்பரையையே இழுப்பான். என்னிக்காவது ஒண்ணும் பேசாம வாங்கிட்டுப் போனான்னா, அன்னிக்குத்தான் எனக்கு வயித்தக் கலக்கும்."

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அம்மா, நீ தப்பு பண்ணா நான் சொல்வேன்ல."

"நீ நான் தப்பு பண்ணாதப்பகூடச் சொல்வே."

மறுநாள் காலையில் அக்கா முதலில் பிடித்தது ஒட்டடைக்குச்சியை. ஆய்வக வாசலில் மடக்கினாள்.

"நேத்து ரீடிங் எவ்வளவுடா வந்துச்சு?"

"இருபதுக்கா."

"மூணு தடவையுமா?"

"ஒண்ணு பத்தொன்பது புள்ளி ஒன்பது." நேராக முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நான் மூணு தடவ போட்டேன். பதினேழு புள்ளி ஒண்ணு வந்துச்சு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பையின் வாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"திட்ட மாட்டேன். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். இருபதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"சீனியர் ரெக்கார்டுல இருக்குக்கா. எல்லா வருஷமும் இருபதுதான்."

"சரி. பதினேழு வந்ததும் என்ன பண்ணீங்க?"

"முதல்ல நான்தான் ஏதோ சொதப்பிட்டேன்னு நினைச்சேன். பக்கத்துல பாத்தா அவனுக்கும் பதினேழு. அப்புறம் அந்த மேசை, இந்த மேசைன்னு கண்ணாலயே…" தலையைச் சொறிந்தான். "கரைசல்ல தப்புன்னு புரிஞ்சுது. சார்கிட்ட சொன்னா உங்களத்தான் பிடிப்பாரு. அதான் எல்லாரும் இருபதுன்னு போட்டுட்டோம். கொஞ்சம் எங்களுக்காகவும்தான்க்கா. இருபதுன்னு போட்டா பத்துக்குப் பத்து."

அவன் கடைசியில் சொன்னதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"கடுகு சார் இருந்தப்ப இப்படி நடந்திருந்தா?"

"நோட்டுல எழுதி, பிரின்சிபால் ரூம் வரைக்கும் கொண்டுபோயிருப்போம்."

"அவரு பண்ணா தப்பு. நான் பண்ணா?"

மெல்லச் சொன்னான்: "உங்களுக்கு… நிறுக்கறப்ப, ஊத்தறப்ப, கொஞ்சம் அப்படி இப்படி ஆகத்தானேக்கா செய்யும். அத போய் எப்படிச் சொல்றது."

அதுதான். ஐந்து மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்தது, அந்த வாசலில், களங்கமில்லாத ஒரு பையன் வாயிலிருந்து வந்து விழுந்தது. அவளிடம் அவர்கள் தப்பை எதிர்பார்த்தே இருந்தார்கள். வெயில் காலத்தில் வியர்ப்பதை யாரும் புகாராக எழுதமாட்டார்களே, அந்தக் கணக்கில் அவளை வைத்திருந்தார்கள்.

"உள்ள வா" என்றாள். புட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "லேபிளப் படி. சின்ன எழுத்து."

படித்தான். இரண்டாம் தடவை படித்தபோது அவன் உதடுகள் அசைந்தன.

"தப்பு பண்ணது கண்ணுடா. ரெண்டு கண்ணும் எனக்கு நல்லாத்தான் இருக்கு. சோம்பேறித்தனம். இனிமே என்னைத் திட்டறதா இருந்தா அதுக்குத் திட்டு."

முந்திரிக்கொட்டையைப் பிடிக்க மதியம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோட்டை வாங்க வந்தவள், நோட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினாள். அக்காவைப் பார்த்துச் சிரிக்காமல் போன முதல் மாணவி அவள்தான். அக்கா அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டாள்.

"நில்லு. என் மேல கோவமா?"

"இல்லக்கா."

"பத்துக்கு மூணு வாங்கியிருக்கே. கரைசல் தப்பு. உன் ரீடிங்தான் சரி. கோவம் இல்லையா?"

அந்தப் பெண் நோட்டை மேசைமேல் போட்டாள். அப்புறம் அணை உடைந்தது.

"கோவம்தான்க்கா. பயங்கரக் கோவம். நான் நாலு தடவ போட்டேன். நாலு தடவையும் பதினேழு புள்ளி ஒண்ணு. சார் எல்லார் முன்னாடியும் உனக்குக் கண்ணு தெரியாதான்னு கேட்டாரு. நான் அப்பவே குறை நோட்டுல எழுதப் போனேன். இவளுங்க கையப் பிடிச்சு இழுத்துட்டாளுங்க. பாவம்டி அந்தக்கா, உனக்கு மனசாட்சியே இல்லையான்னு. நான் படிச்சு நாலு மார்க் வாங்கணும்னு வந்திருக்கேன். உங்களுக்கு மட்டும் பாவம், எனக்குப் பாவம் இல்லையா?"

"உனக்கும் பாவம்தான். போய் எழுது."

"என்னது?"

"நோட்டுல எழுது. இப்ப சொன்னத அப்படியே."

பெண் சந்தேகத்தோடு பார்த்தாள். "உங்களுக்கு ப்ரொபேஷன்னு சொன்னாங்க. எழுதினா உங்க வேலை?"

"அது என் கவலை. உன் மார்க்கு உன் கவலை. நான் எப்படியும் மேடம்கிட்ட சொல்லத்தான் போறேன். ஆனா நானே சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும். நீ எழுதினாதான் உன்னோடது."

முந்திரிக்கொட்டை பேனாவை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. கார்பனேட்டில் ஆரம்பித்து, இண்டிகேட்டர் புட்டி, செய்தித்தாள் வடிகட்டி, மூன்றாம் மேசைக் குழாய் என்று போய்க்கொண்டே இருந்தாள். சொட்டு எண்ணும் நேரத்தில் லேப் அக்கா முணுமுணுவென்று பாட்டுப் பாடுவதால் எண்ணிக்கை தப்புகிறது என்பதுவரை எழுதினாள். மொத்தம் பதினோரு புகார். கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். ஐந்து மாதம் சேர்த்து வைத்தது வெளியே வந்ததில் அவள் முகம் தெளிந்திருந்தது.

"பாட்டு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"ராகம் பரவாயில்ல. ஒரே வரியத் திரும்பத் திரும்பப் பாடறீங்க."

நோட்டோடு அக்கா துறைத்தலைவியின் அறைக்குப் போனாள். துறைத்தலைவி பதினோரு புகாரையும் நிதானமாகப் படித்தார்.

"இதுல எத்தனை உண்மை?"

"ஒன்பது உண்மை மேடம். குழாய்க்கு மூணு தடவ கடிதம் குடுத்திருக்கேன், அது நிர்வாகத்தோட தப்பு. செய்தித்தாள் ஒரு நாள்தான் குடுத்தேன், தினமும் இல்ல."

"பாட்டு?"

"உண்மை."

"கரைசல் தப்புன்னு யார் கண்டுபிடிச்சது?"

"இருபத்து நாலு பேரும் கண்டுபிடிச்சாங்க. ஒருத்திதான் எழுதினா. நான் சாயங்காலம்தான் கண்டுபிடிச்சேன்."

துறைத்தலைவி ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கு உறைத்தது அக்காவின் தப்பு இல்லை, அந்த இருபத்து மூன்று நோட்டுகள். "பாத்தத எழுதறதுக்குத்தான் லேபே இருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு திரும்பினார். "வியாழக்கிழமை மறுபடி போடலாம். நீங்க தனியா, அவங்க முன்னாடி தயார் பண்ணுங்க. யாரும் தொடக்கூடாது. நானும் வரேன். அன்னிக்குப் பாத்துட்டு உங்க அறிக்கைய எழுதறேன்."

ஆக, வியாழக்கிழமை மாணவர்களுக்குப் பரீட்சையோ இல்லையோ, அக்காவுக்குப் பரீட்சை.

இருபத்து நாலு பேரும் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். விரிவுரையாளர் சுவரோரம் நின்றார். துறைத்தலைவி கடைசி மேசையில் உட்கார்ந்தார். அக்கா புட்டியை முழங்கைக்குள் அணைத்து மூடியைத் திருகினாள். வழக்கம்போல் இருபத்து நாலு முகமும் கூரைக்குப் போயின.

"கூரையில ஒண்ணும் எழுதல" என்றார் துறைத்தலைவி. "அவங்களப் பாருங்க. பாக்கறதுக்குத்தான் கூப்பிட்டேன்."

முதலில் வெட்கப்பட்டுப் பார்த்தார்கள். பிறகு வெட்கம் மறந்துபோய்ப் பார்த்தார்கள். லேபிளை அக்கா சத்தமாகப் படித்தாள். "இருபது லிட்டருக்கு எத்தனை கிராம்?" என்று கேட்டாள். ஒட்டடைக்குச்சி கால்குலேட்டரைத் தட்டி "நூத்து இருபத்து நாலு" என்றான். போன தடவை போட்டது நூற்று ஆறு. தராசில் கரண்டி நுனியைத் தட்டித் தட்டி அவள் கடைசித் துகளை விழ வைத்தபோது, பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பிரஷ்ஷை கிளாம்ப் போட்டுக் குடுவையைச் சுழற்றியதும் ஒரு பையன், "ஐயோ, இது நம்மளதவிட வேகமா இருக்கேடா" என்று வாய்விட்டுச் சொன்னான். "அப்ப ஏன் இத்தனை நாள் கழுவ விடல?" என்று அக்கா திரும்பாமலே கேட்டாள்.

கரைசல் தயாரானது. கேனைத் தரையிலிருந்து தூக்கி உயரமான ஸ்டாண்டில் வைக்க வேண்டும். அக்கா கேனின் பிடியில் கையை வைத்தாள், விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஒரு நொடி யோசித்தாள். முறைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டலாம். அப்புறம் ஒரு வாரம் முதுகு பிடித்துக்கொள்ளும்.

"இருபது கிலோ. இதத் தூக்க இன்னொரு ஆள் வேணும்."

ஒருத்தரும் அசையவில்லை. ஒட்டடைக்குச்சி பாதி எழுந்தான். முந்திரிக்கொட்டை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தொடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல."

"அவங்களே கேக்கறாங்களேடி."

"கேட்டா தொடலாமா, தொடக்கூடாதா?"

இந்த விவாதம் முடிவதற்குள் துறைத்தலைவி எழுந்து வந்து கேனின் மறுபக்கத்தைப் பிடித்தார். "கடுகு சாரும் இதுக்கு வாட்ச்மேனைத்தான் கூப்பிடுவார்" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தார்கள். துறைத்தலைவிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அக்கா முதல் டைட்ரேஷனைப் போட்டாள். இடது கையின் முனை திருகைத் தள்ளியது. சொட்டு குழாய் நுனியில் தொங்கி, தயங்கி, விழுந்தது. மஞ்சள் செம்மஞ்சளானது. முந்திரிக்கொட்டைதான் குனிந்து ரீடிங்கைப் பார்த்தாள். யாரையும் கேட்காமல், அக்காவையும் கேட்காமல், இரண்டாவது முறையும் பார்த்தாள்.

"இருபது புள்ளி பூஜ்யம். இது நிஜ இருபது."

பிறகு அவரவர் மேசைக்குப் போய் போட்டார்கள். ஒருவனுக்கு இருபது புள்ளி நாலு வந்தது, அப்படியே எழுதினான். விரிவுரையாளர் பழைய பக்கத்தைத் திறந்து பத்துக்கு மூன்றை அடித்துப் பத்தாக்கினார். கண் தெரியாதா என்று கேட்டதற்கு மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார். இருபத்து மூன்று பேரின் பழைய மதிப்பெண்களைத் துறைத்தலைவி ரத்து செய்தார். வகுப்பு முனகியது.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் அக்காவிடம் அறிக்கைத் தாளை நீட்டினார். கடைசி மேசையில் உட்கார்ந்தே எழுதி முடித்திருந்தார். 'ஒரு முறை எடையில் தவறு செய்தார். தானே சோதித்து, தானே தெரிவித்தார். ஆய்வகப் பணி அனைத்தையும் தனியாகச் செய்கிறார். கேன் தூக்க இருவர் தேவை, யாராக இருந்தாலும். நிரந்தரப்படுத்தலாம்.'

"தப்பையும் எழுதியிருக்கேன்" என்றார்.

"எழுதணும் மேடம்" என்றாள் அக்கா. தாளை இரண்டாம் முறையாகப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

துறைத்தலைவி போனதும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். கழுவுவதற்கு இல்லை. ஐந்து மாதமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே வந்தது. சைக்கிள் ஓட்டுவீர்களா? ஓட்டுவேன், பிரேக் ஒரு பக்கம்தான். நகம் எப்படி வெட்டுவீர்கள்? நகவெட்டியைத் தொடையில் அழுத்திக்கொண்டு. குழந்தையை எப்படிக் குளிப்பாட்டினீர்கள்? அவள் என்னைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஒன்றிரண்டு கேள்விகளுக்கு அக்கா, "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்றாள். கேட்டவர்கள் 'சரிதான்' என்று அடுத்ததற்குப் போனார்கள்.

முந்திரிக்கொட்டை ரொம்ப நேரமாக அவள் முதுகுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு இறுக்கமா, ஒரு முடி பிசிறில்லாம எப்படிக்கா சடை பின்றீங்க? எனக்கு ரெண்டு கை இருந்தும் மதியத்துக்குள்ள அவுந்துடுது."

"நானா பின்றேன்? என் வீட்டுக்காரர். லேத் வேலைக்காரர், அளவு தப்பாது."

"தினமுமா?"

"தினமும். சண்டை போட்ட நாள் தவிர."

"அன்னிக்கு?"

"அன்னிக்குக் கொண்டை."

ஒட்டடைக்குச்சி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "அப்ப போன மாசம் வெள்ளிக்கிழமை ஒண்ணு, போன திங்கக்கிழமை ஒண்ணு… திங்கக்கிழமை என்னக்கா சண்டை?"